ஏலத்தை நிறுத்திய ஸைனுலாப்தீன்

எந்த வீட்டுக்குப் போனாலும் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் ஸைனுலாப்தீன் கதிரையில் உட்காருவார். கல்யாண வீடானாலும் சரி, மையித்து வீடானாலும் சரி. ஊரின் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் எந்த அலுவலகக் காவலாளி கேட்காமலே கக்கூஸ் கதவைத் திறந்துவிடுவார், எவர் சாவியைத் தேடுவதுபோல நடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "வயித்துக்கே வெக்கமில்ல, எனக்கென்னத்துக்கு?" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. துறைமுகத்தடி மீன் வாடியில் முப்பது வருடம் ஏலம் கூறியவர். ஒலிபெருக்கி வேண்டாத தொண்டை. இரண்டு வருடத்துக்கு முன் மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, மேற்குடலைக் கீழே இழுத்துப் பொருத்தினார்கள். ஒட்டு ஆறும்வரை வயிற்றில் ஒரு பை தொங்கியது. பையை எடுத்துக் குடலை மறுபடி உள்ளே வைத்த கிழமை, வாடி முழுக்கத் தொதல் இனிப்புப் பங்கிட்டார். அவசரப்பட்டுவிட்டார், பாவம். மலத்தைத் தேக்கிவைக்கிற இடமே போய்விட்டதால் அது கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குப் பதினைந்து தரம் வந்து கதவைத் தட்டியது. வருவது காற்றா மற்றதா என்றுகூடப் பிடிபடவில்லை.

கிளினிக் தாதி ஜெயரூபி ஓர் அப்பியாசம் சொல்லிக்கொடுத்தார். ஆசனவாயை இறுக்க வேண்டும், பத்து எண்ண வேண்டும், விட வேண்டும். ஸைனுலாப்தீன் ஐந்து மாதம் ஒருநாள் விடாமல் செய்தார். எள்ளளவும் பலனில்லை.

"எங்க, எனக்கு முன்னால எண்ணுங்கோ பாப்பம்," என்றார் ஜெயரூபி.

எண்ணினார். ஜெயரூபி கையிலிருந்த கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். ஏலக்காரர் வாயில் பத்து என்பது அரை மூச்சு. ஒன்று தொடங்கியதும் பத்து முடிந்ததும் ஒரே சத்தம்.

"நானா, இது மீன் இல்ல. ஆறுதலா, மெள்ள எண்ணுங்கோ!"

முப்பது வருடம் பறந்த நாக்கை நடக்கப் பழக்குவது லேசான வேலையா? பழக்கினார். பதினைந்து பத்தாகி, பத்து ஏழானது. ஒவ்வொன்று குறைகிறபோதும் பெருநாள் பிறை கண்டவர்போலக் குசினிக்கு ஓடுவார். "புள்ள, இண்டைக்கு ஆறுதான்!"

"அல்ஹம்துலில்லாஹ். மெதுவாச் சொல்லுங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது," என்பார் மனைவி சித்தி பரீதா.

"கேக்கட்டும்! அவங்களும் சந்தோசப்படட்டும்!"

ஆறுக்கு வந்ததும் வாடிக்குத் திரும்பத் துடித்தார். அங்கே இப்போது அவருக்குப் பதிலாக நிப்றாஸ் என்ற இளைஞன் ஏலம் கூறிக்கொண்டிருந்தான். வாடிச் சங்கத்தார் யோசித்துவிட்டு ஒரு சனிக்கிழமைக் காலையை மட்டும் கொடுத்தார்கள். கூறுகிறவர் இடத்தை விட்டு அசைந்தால் கேட்ட விலை எல்லாம் செல்லாது, அது வாடியின் பழைய வழக்கம். ஆகவே முழு ஏலத்தையும் நின்று முடித்தால் இடம் அவருக்கு; நடுவில் போனால் நிப்றாஸுக்கே.

முதல்நாள் பகலோடு சாப்பாட்டை நிறுத்தினார். பால்தேத்தண்ணியைத் தொடவில்லை. விடியற்காலை வயிற்றைக் கட்டும் குளிசை போட்டுக்கொண்டார். வாடியில் அறக்குளா மீன் குவிந்து கிடந்தது. முதல் கூவலுக்கே கூரைக் காகங்கள் எழும்பிப் பறந்தன. அட, அந்தக் குரல்! மீன்காரர்கள் விசிலடித்தார்கள். ஸைனுலாப்தீனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

கடைசிக்குச் சற்று முன்னால் ஆளுயர அறக்குளா ஒன்று வந்தது. சல்லிக் கிராமத்திலிருந்து வந்த வியாபாரி சின்னராசா உயர்த்திய கையை இறக்கவேயில்லை. விலை ஏறிக்கொண்டே போனது. அப்போது வயிறு முறுக்கியது. ஸைனுலாப்தீன் இறுக்கினார், மனதுக்குள் ஆறுதலாகப் பத்து எண்ணினார், அடங்கியது. "ஒருதரம்!" மறுபடி முறுக்கியது. மறுபடி பத்து. நெற்றி வியர்த்துக் கொட்டியது. "ரெண்டுதரம்!" மூன்றாவது முறுக்கு வந்தபோது இது எண்ணிக்கைக்கு அடங்குகிற சாதி இல்லை என்று தெரிந்துவிட்டது. நின்றால் இத்தனை பேர் முன்னால் இடுப்புச் சாரம் நனையும். போனால் இடம் போகும். பொய் சொல்லி நழுவலாம்; அது அவருக்கு வராது.

"கக்கூஸுக்குப் போறன்!" என்று ஏலக் குரலிலேயே கூவினார். "குடல வெட்டி ஒட்டின ஆள் நான். புடிச்சு வைக்க ஏலாது. வழக்கம் தெரியும். நீங்க நிக்கிறதும் போறதும் உங்கட விருப்பம்!"

கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் போனார்.

கழுவிக்கொண்டு வருகையில் தன் இடத்தில் நிப்றாஸ் நிற்பான் என்றே நினைத்தார். நிப்றாஸ் ஓரமாகக் கைகட்டி நின்றான். அறக்குளா கிடந்தபடி கிடந்தது. ஒருவரும் நகர்ந்திருக்கவில்லை; கேட்ட விலையையும் விட்டுவிடவில்லை. சின்னராசா மட்டும் உயர்த்திய வலது கையை இடது கையால் முட்டுக்கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கை கழண்டு போகுது நானா. கெதியாக் கூறுங்கோ."

மூன்றாம் தரத்தைக் கூறுமுன் ஸைனுலாப்தீன் மீனைத் தாண்டிப் போய், ஈரம் காயாத இரண்டு கைகளாலும் சின்னராசாவின் கையைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.