கோவிந்தப்பா புதைக்காத கோல்

கோவிந்தப்பாவுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதனால் இந்தக் கதையில் நான் யோக்கியன் வேஷம் போட முடியாது.

பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. நான் ஆபீசில் டைப்பிஸ்ட், அவன் கேட்டில் செக்யூரிட்டி. காட்டை விட்டு இறக்கிவிட்ட இருளர் குடும்பங்களுக்காக, சந்தாபுராவுக்கு அப்பால் சர்க்கார் கட்டிய காலனியில் அவன் வீடு. சுற்றிலும் மனை போட்டு விற்கும் லேஅவுட்காரர்கள் கல் நட்டுக்கொண்டே வந்தார்கள். மிஞ்சியது ஒரு துண்டு நிலம். அவர்கள் சாமி கன்னியம்மாவுக்குப் பொங்கல் வைப்பதும் ஆடுவதும் பாடுவதும் அங்கேதான். அதில் தங்கள் சனத்துக்கென்று ஒரு கலாசார மையம் வந்துவிட்டால் யாரும் கை வைக்க முடியாது என்று மூன்று வருஷம் அலைந்தான். ஷிப்ட் முடிந்ததும் காக்கிச் சட்டையோடு தாலுகா ஆபீசுக்கு ஓடுவான். செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம் என்று நான் கிண்டல் செய்வேன்.

1998-இல் ஒருவழியாக ஓர் அதிகாரி வந்தார். வீடு வீடாகப் பார்த்தார்.

"ஏனப்பா, எல்லாமே புதுசா இருக்கு? உங்க தாத்தா காலத்து சாமான் ஒண்ணுகூட இல்லையா? பழசு இல்லாம ரிப்போர்ட்ல என்ன எழுதறது?"

இருக்காது. ஒருவர் செத்தால் அவர் கைபட்ட சாமான்கள் அவரோடு குழிக்குள் போய்விட வேண்டும், அது அந்தக் காலனி வழக்கம். ஒன்றை எடுத்து வைத்தாலும் செத்தவர் அதைத் தேடிக்கொண்டு நிற்பார், போய்ச் சேரமாட்டார். இதைச் சொன்னால் அதிகாரி சிரித்தார். அடுத்த மாதம் வருவேன், ஒன்றாவது காட்டுங்கள், இல்லையென்றால் நிலம் லேஅவுட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

கோவிந்தப்பாவின் அப்பா அர்ஜுனனிடம் கிழங்கு தோண்டும் கோல் ஒன்று இருந்தது. ஐம்பது வருஷம் பிடித்துப் பிடித்து நடுவில் இளைத்துப்போன கோல். ஆள் உயிரோடுதானே இருக்கிறார், காட்டிவிடலாம் என்றிருந்தோம். அதிகாரி வர நாலு நாள் இருக்கும்போது அவர் கண்ணை மூடிவிட்டார்.

சாவு வீட்டில் கோவிந்தப்பா என்னைத் தனியாக இழுத்துப் போனான்.

"சார், கோலு குழிக்குள்ள போயிட்டா நிலமும் போயிடும். என்னா பண்றது?"

"எடுத்து வை. உங்கப்பா கோவிச்சுக்க மாட்டார்" என்றேன்.

செத்தது என் அப்பாவா? சொல்ல எனக்கென்ன வலித்தது? அவன் கோலைக் கூரையில் செருகிவிட்டு, குழியில் வேறொரு கழியை வைத்து மண் தள்ளினான். அவன் அம்மா முத்தம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோலைப் பார்த்து அதிகாரி ரிப்போர்ட் எழுதினார், மையம் எழும்பிவிட்டது. கோல் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. பட்டணத்துப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து பார்க்கிறார்கள். காலனியிலிருந்து ஒரு ஈ காக்கை உள்ளே போகவில்லை. செத்தவர் நிற்கும் இடத்தில் யார் ஆடுவார்கள்? கன்னியம்மா பொங்கலையே ரோட்டோரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"உங்கப்பன் வெயில்ல நிக்கிறான்டா. அனுப்பி வுட்ருடா" என்று முத்தம்மா அழுதாள்.

கோலைத் திருப்பிக் கேட்டும் ஒரு மனு டைப் அடித்தேன். புதிதாக வந்த அதிகாரி படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது சர்க்கார் சொத்து. எடுத்தா திருட்டு கேஸ். அது ஒண்ணுதானே அங்க அசல்? அதையும் எடுத்துட்டா சென்டர் எதுக்கு?"

வாசலுக்கு வந்தோம். எடுத்து வைக்கச் சொன்னது நான்தான், என்மேல் தப்பு என்றேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"அம்மா இப்பவே குழி தோண்டறா சார்" என்றான். "சீப்பு, கூடை, பொகையிலப் பை, ஒண்ணொண்ணா பொதைக்கறா. அவ செத்தப்புறம் நான் எதையாச்சும் எடுத்து வச்சுக்குவேனாம். நேத்து தட்டையும் பொதைச்சுட்டா. எலையிலதான் சாப்பிடறா."