பெரியம்மாவுக்கு நான் சொன்ன அர்த்தங்கள்

உறைபனி ஏன் பள்ளத்தில் மட்டும் படிகிறது, மேட்டில் படிவதில்லை என்று என் மகள் போன வாரம் கேட்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், அதுதான் உறைகிறது என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாது. தெரியாது என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். ஆனால் சொன்ன தோரணையைப் பார்த்திருந்தால், கொடைக்கானலில் பனியை அளந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம் என்று நினைத்திருப்பீர்கள். அவள் அதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். யார் சொன்னது என்று ஆசிரியை கேட்டதற்கு, "எங்க அத்தா" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம்.

சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டு, "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானத்தா, அதுல என்ன கஷ்டம் ஒங்களுக்கு?" என்று கேட்டாள். நான் கத்தினேன். மரியாதை, வாய், வளர்ப்பு என்று என்னென்னவோ சொல்லிக் கத்தினேன். பிறகு கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். கஷ்டம் என்னவென்று அவளுக்கு எப்படிச் சொல்வது? இந்த வேலையை நான் பத்து வயதிலிருந்து செய்துவருகிறேன்.

அப்போது கொடைக்கானல் பஜாரில் என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கடை. வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரர்கள் கேட்கிற பிஸ்கட் டின், கோதுமை மாவு, மண்ணெண்ணெய், கம்பளி எல்லாம் இருக்கும். நான் பகலில் மிஷன் பள்ளிக்கூடம் போவேன். அதற்கு முன் வெள்ளனே எழுந்து பள்ளிவாசல் ஆசான் அஜ்ரத்திடம் குர்ஆன் ஓதப் போக வேண்டும். அவர் கீழ்நாட்டுக்காரர். மலைக்குளிர் அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. தலையையும் காதையும் மஃப்ளரால் சுற்றிக்கொண்டு, கண்ணும் வாயும் மட்டும் தெரிய உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்.

எதையும் ஒரு முறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லும் புத்தி எனக்கு இருந்தது. அரபு வசனமானாலும் சரி, துரைசாணி கொடுத்தனுப்பிய சாமான் பட்டியலானாலும் சரி. இரண்டுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. அத்தா இதை ஞானம் என்று எடுத்துக்கொண்டார். கடைக்கு வந்தவர்களை நிறுத்தி வைத்து என்னை ஓதிக்காட்டச் சொல்வார். மண்ணெண்ணெய் வாங்க வந்தவர்கள் கையில் காலி டின்னோடு நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அத்தா எப்போதும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விஷயம் உண்டு. ஓதிக்கொடுக்கும் கடமையை ஓர் ஊரில் ஒருவராவது செய்துவிட்டால் ஊர் மொத்தத்துக்கும் கடமை தீர்ந்தது. ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் மொத்தத்துக்கும் பாவம். இதை அவர் ரோந்து வரும் போலீஸ்காரரிடம்கூடச் சொல்வார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "சரிங்க ராவுத்தரே" என்று கேட்டுவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டு போவார்.

அந்த வருஷம் கோடை சீசனில் அம்மா நிறைமாதமாக இருந்தார். உதவிக்காக அம்மாவின் அக்கா மலையேறி வந்து இரண்டு மாதம் தங்கினார். அய்யம்பாளையத்துக்கு அப்பால், அடிவாரத்தில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். தென்னந்தோப்பு உண்டு, பிள்ளை கிடையாது. அங்கே எங்கள் ஆட்கள் ஏழு வீடு. பள்ளிவாசலும் இல்லை, ஓதிக்கொடுக்க ஆளும் இல்லை. வந்த மறுநாளே பெரியம்மா கதவுக்கு உள்ளிருந்தபடி அத்தாவிடம் பேசினார்.

"எங்க ஊருல எட்டுப் புள்ளைங்க கெடக்குதுங்க. ஒண்ணுக்கும் தொழுகைக்கு வேண்டிய சூராகூடத் தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும், அதுவும் தப்பாத் தெரியும். யாராச்சும் எனக்குச் சரியாச் சொல்லித் தந்தா, போய் அதுகளுக்குச் சொல்லிருவேங்க. எனக்கு அப்புறம் யாரு இருக்கா அதுகளுக்கு?"

கடமையே கதவைத் தட்டிக்கொண்டு வந்ததில் அத்தா பூரித்துப்போனார். ஆனால் பெரியம்மா போய் அஜ்ரத் முன்னால் உட்கார முடியாது. ஆகவே காலையில் அஜ்ரத் எனக்குச் சொல்லும் குர்ஆன் அத்தியாயத்தை மாலையில் நான் பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பத்து வயதுப் பையனை ஆசானாக்குகிறோமே, ஒப்பிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றா என்று அந்த வீட்டில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

அது போன்ற ஒரு தண்டனையை நான் பிறகு அனுபவித்ததில்லை. பெரியம்மா அடுப்படியில் மலைப்பூண்டை முறத்தில் கொட்டி உரித்துக்கொண்டே உட்காருவார். ஒரு வரி சொல்வேன். திருப்பிச் சொல்வார், நடுவில் ஒரு சொல் காணாமல் போயிருக்கும். தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டிய எழுத்துக்கு இருமல் வரும். மறுபடி சொல்வேன். "இரு ராசா, ஒல பொங்குது" என்று எழுந்து போவார். திரும்பி வரும்போது முன்பு வந்திருந்த பாதியும் போயிருக்கும். அஜ்ரத்தைப் பார்த்து நானும் பேரிக்காய் மரத்துக் குச்சி ஒன்றை வைத்திருந்தேன். பெரியம்மாவை அடிக்க முடியாது என்பதால் தரையை அடித்தேன்.

"மூணு வயசுப் புள்ளைகூட இதச் சொல்லிரும் பெரியம்மா."

"மூணு வயசுப் புள்ளைக்கு வேற சோலி இல்ல. எனக்கு இன்னும் கொழம்பு கூட்டணும். இந்த வரிக்கு என்னடா அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் கேக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"அஜ்ரத்து."

அஜ்ரத் அப்படிச் சொல்லவில்லை. முதலில் எழுத்து சுத்தமாகட்டும், அர்த்தம் பின்னால் சொல்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். நான் ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை.

பெரியம்மா விடவில்லை. "அர்த்தம் தெரியாம ஒண்ணும் என் வாயில நிக்காது ராசா. எதக் கிண்டுறோம்னு தெரியாம கரண்டியப் புடிச்சாப்புல இருக்கு. நீதான் இம்புட்டுக் கெட்டிக்காரனாச்சே, ஒனக்குத் தெரியாமயா இருக்கும்?"

கடைசியில் அவர் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. அதற்கு முந்தின வாரம்தான் பஸ் டிரைவர் ஒருவர் மலைப்பாதை விதி ஒன்றைச் சொல்லியிருந்தார். அதை எடுத்துவிட்டேன்.

"ஏறி வர்ற வண்டிக்கு எறங்குற வண்டி ஒதுங்கி வழி விடணும்னு அர்த்தம்."

பெரியம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தினார். "அப்படியா சொல்லியிருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் சொல்லியிருக்கு" என்றார். பிறகு அந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை, தொண்டை எழுத்து உட்பட, ஒரு பிழை இல்லாமல் சொன்னார்.

என்ன செய்வது? பொய் வேலை செய்தது. அன்றிலிருந்து வரிக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஈரக் கம்பளியை மடித்து வைக்காதே. பூட்டிய பிறகு பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார். மழைக்கு முன்னால் உருளைக்கிழங்கைத் தோண்டிவிடு. இந்தக் கடைசி ஒன்றில் மட்டும் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் தயக்கம் வந்தது.

"எங்க ஊருல உருளக்கெழங்கு வெளையாதே ராசா?"

"அங்கல்லாம் தேங்காய்னு வச்சுக்கணும்."

பிற்காலத்தில் தமிழில் அர்த்தம் எழுதிய குர்ஆன் பதிப்பை வாங்கி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். தப்பித் தவறிக்கூட ஒன்றும் சரியாக இல்லை.

இரண்டு மாதத்தில் பெரியம்மா பன்னிரண்டு சூரா கற்றுக்கொண்டார். அம்மாவுக்குத் தங்கை பிறந்து நாற்பதாம் நாள் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பினார். "இவனுக்குச் சொல்லிக் குடுக்குற வரம் இருக்கு" என்று அத்தா பஜார் முழுக்கச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மார்கழியில் கடையில் வியாபாரம் குறைந்திருந்தபோது பெரியம்மா ஊரில் ஒரு பையனுக்குச் சுன்னத்து விருந்து வந்தது. அத்தா அஜ்ரத்தையும் என்னையும் அழைத்துக்கொண்டு மலையிறங்கினார். பந்தலில் நெய்ச்சோறு வைத்த பெரிய தாம்பாளம் ஒன்றைச் சுற்றி நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் ஓதிக்காட்டுவார்கள் என்றார்கள். எட்டுப் பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்றன. தென்னங்கீற்று முடைந்துகொண்டே படித்த பிள்ளைகள் அவை. ஒரு கீற்று முடைந்து முடிவதற்குள் ஒரு சூராவைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று பெரியம்மா பழக்கியிருந்தார். எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தில் நாக்குத் தடுமாறும் என்று அவருக்குத் தெரியுமாம். தெரியாமல் என்ன, அவ்வளவு இடத்திலும் அவர் தடுமாறியவர்தானே.

பிள்ளைகள் ஓதின. அஜ்ரத் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "இருவது வருசமா ஓதிக் குடுக்குறேன். எங்கிட்டப் படிக்கிற புள்ளைங்க இவ்வளவு சுத்தமா ஓதாதுங்க. யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். அத்தா என் முதுகில் தட்டி, "எல்லாம் நம்ம பையன் வழியா வந்ததுதான்" என்றார். வீட்டு வாசலில் தொங்கிய திரைக்குக் கீழே பெரியம்மாவின் கால்விரல்கள் தெரிந்தன. கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது முன்பல் விழுந்த ஒரு சிறுமி, யாரும் கேட்காமலே, "அர்த்தமும் தெரியும், சொல்லட்டுமா?" என்றாள். அஜ்ரத் சிரித்துக்கொண்டே சொல்லச் சொன்னார்.

"ஏறி வர்ற வண்டிக்கு எறங்குற வண்டி வழி விடணும். ஏறுறவங்கன்னா பாரத்தோட வர்றவங்க, ஒண்ணும் இல்லாதவங்க. எறங்குறவங்கன்னா எல்லாம் இருக்குறவங்க. அதுனால இருக்குறவங்கதான் ஒதுங்கணும்."

இதில் முதல் வாக்கியம்தான் என்னுடையது. மற்றது பெரியம்மா யோசித்துச் சேர்த்தது. நான் அள்ளிப் போட்ட குப்பையிலிருந்து அவர் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தார்.

பந்தலில் யாரோ சிரித்தார்கள். அஜ்ரத்தின் சிரிப்பு போய்விட்டது. மற்றப் பிள்ளைகளையும் கேட்டார். ஈரக் கம்பளி வந்தது, பூட்டு வந்தது, தேங்காய் வந்தது. அவர் திரையின் பக்கம் திரும்பினார்.

"இந்த அர்த்தமெல்லாம் யாரும்மா சொன்னது?"

நான் தாம்பாளத்துச் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். திரைக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"நாந்தாங்க."

"ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. நானா நெனச்சுச் சொன்னேன்."

அஜ்ரத் கோபப்படவில்லை. இறைவன் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது பெரிய குற்றம் என்றார். அது சரிதான், அதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. அத்தாதான் முந்திக்கொண்டார். "அஜ்ரத்து மன்னிக்கணும். வெவரம் தெரியாத பொம்பள, அவங்களா எதையோ சேத்துட்டாங்க. இனிமே சொல்லிக் குடுக்க வேணாம்னு சொல்லிருவோம்." பந்தலில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

கம்பளி தேவைப்படாத ஊர் அது. மலைப்பாதை விதி சமவெளிப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்று அங்கே ஒருவர்கூட யோசிக்கவில்லை. பூட்டை இழுத்துப் பார் என்பது தினமும் சாயங்காலம் அத்தாவே என்னிடம் சொல்கிற வார்த்தை. அது திரும்பி வந்து அவர் எதிரிலேயே நின்றது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானோ, பயம் தெளிந்ததும் எவ்வளவு பசி என்று கண்டுகொண்டு, கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

வேறு ஆள் அனுப்புவதாக அஜ்ரத் சொன்னார். அந்த ஏழு வீட்டுக்காக அடிவாரத்தில் போய்க் கிடக்க யாருக்கும் மனம் வரவில்லை. பிள்ளைகள் கீற்று மட்டும் முடைந்தன. செய்துகொண்டிருந்த ஒரே ஆளையும் நிறுத்திவிட்டோமே, இப்போது அந்த ஊர்ப் பாவம் யார் கணக்கில் என்று அத்தாவுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கடமையைப் பற்றி எப்போதும் போலப் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை எங்களை பஸ் ஏற்றக் கொண்டுபோகிற மாட்டுவண்டி கிளம்ப நின்றது. அத்தாவும் அஜ்ரத்தும் முன்பக்கம் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒரு துணிப்பையில் எள்ளுருண்டை கொண்டுவந்து என் மடியில் வைத்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ராசா, நீ சொன்னதுல ஏதாச்சும் ஒண்ணாவது அஜ்ரத்து சொன்னதா?"

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதனால் எனக்குத் தைரியம் வந்தது.

"எல்லாமே அவரு சொன்னதுதான் பெரியம்மா. அவருக்கு மறந்துபோச்சு."

பெரியம்மா என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். "சரி ராசா. மலையில மேகம் கெடக்கு, வெரசாப் போய்ச் சேருங்க" என்றார்.

வண்டி நகர்ந்தது. நல்லவேளை, நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் மனம் ஆறும்படி ஒரு பதில் சொன்னதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன். பெரியம்மா உள்ளே போகாமல் அங்கேயே நின்று, நான் இன்னும் எதையோ சொல்வேன் என்பதுபோல வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எள்ளுருண்டைப் பையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, பத்திரமாக இருப்பது தெரியட்டும் என்று அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.