தூக்கிப் போட்ட பந்து

நாற்பது வயதில் எனக்கு டேபிள் டென்னிஸ் ஆசை வந்ததற்கு மேல்வீட்டு கவிதா அக்காதான் காரணம். சேலையூரில் எங்கள் அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸுக்கு தினமும் மாலை என்னை இழுத்துப்போய், பேட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

"நெட்ல மாட்டாம நல்லா தூக்கிப் போடு உமா. அதான் சேஃப்" என்பார்.

நான் தூக்கிப் போடுவேன். அவர் ஓங்கி ஸ்மாஷ் அடிப்பார். ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்குவது என் வேலை.

"நானும் அப்படி அடிக்கணும்க்கா" என்றால், "அவசரப்படாத, மொதல்ல இது வரட்டும்" என்பார்.

பொங்கல் போட்டியில் இரட்டையர் ஆட்டத்துக்கு நாங்கள்தான் ஜோடி என்று நினைத்திருந்தேன். பெயர் கொடுக்கப் போனபோது, அக்கா பக்கத்து பிளாக் ரம்யாவோடு சேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கை போட்டு, ரம்யாவிடம் சொன்னார்: "என் ஸ்மாஷ் இவ்ளோ செட் ஆனதே இவளாலதான். அடிக்க வாகா போட்டுக் குடுப்பா."

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது மகளோடு ஆடுகிறேன். தாழ்வாக அடிக்க நினைத்துத்தான் பேட்டை வீசுகிறேன். பந்து உயரத்தான் போகிறது. கை மட்டும் இன்னும் அக்கா சொன்னதையே கேட்கிறது.