பத்து நிமிடம் முந்திய கணினி

அந்த மருந்து விநியோக அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். எது பழுதானாலும் மூக்கை நுழைத்துப் பார்க்கும் பழக்கத்தால், கணினிகளெல்லாம் மெல்ல மெல்ல அவள் தலையில் வந்து விழுந்தன. அவளுக்கு அதில் வருத்தமில்லை.

இந்த முறை வந்தது புது சர்வர். எல்லோருடைய பெயரும் கடவுச்சொல்லும் அதில் ஒரே இடத்தில் இருக்கும். யாரும் எந்தக் கணினியிலும் உட்கார்ந்து தன் பெயரில் நுழையலாம். ஒவ்வொரு கணினியாக அதில் சேர்த்தாள். கிடங்கு மேற்பார்வையாளரின் கணினி மட்டும் முரண்டு பிடித்தது. ஒயரை மாற்றினாள், கடவுச்சொல்லைத் திரும்ப அடித்தாள். மசியவில்லை.

கைகளைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள். மூலையில் ஓடிய மணி கண்ணில் பட்டது. தன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள்.

“அண்ணே, உங்க கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் முன்னாடி ஓடுதே?”

“நான்தாம்மா வெச்சேன். இல்லேன்னா சாயங்காலம் பஸ்ஸ விட்டுடுவேன்.”

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பழைய அனுமதியைக் காட்டி யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று, தன் மணியோடு ஒத்துப்போகாத கணினியை அந்தச் சர்வர் நம்புவதில்லை. மணியைச் சரிசெய்ததும் கணினி சமர்த்தாகச் சேர்ந்துகொண்டது. அவர் முகம்தான் வாடிவிட்டது.

“சுவத்துக் கடிகாரத்த வேணா முன்னாடி வெச்சுக்குங்கண்ணே. அத சர்வர் பாக்காது,” என்றாள். ஆனாலும் ஒரு சந்தேகம் அவளைக் குடைந்தது. “முன்னாடி வெச்சது நீங்கதானே? அப்புறம் எப்படி ஏமாறுவீங்க?”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினார். “கணக்கு தெரியும்மா. ஆனா பாத்த உடனே நெஞ்சு பக்குங்குமே, அதுக்குள்ள கால் கெளம்பிடும்.”