வரிசை முன்னால் ஒரு மன்னிப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, முக்கிலுள்ள எஸ்.டி.டி. பூத்துக்காரர் எங்கள் பால் சங்கத்துக்கு ஓடி வந்தார். "தங்கப்பண்ணன் போயிட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தது" என்றார். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டரோடு நின்ற நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று வரிசையில் நின்ற உங்கள் பாலை யார் அளந்தார்கள் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை.

பதினோரு வருடம் அண்ணன் பாலை அளந்தார், நான் தரம் பார்த்தேன். அவர் கோயிலுக்கும் போகமாட்டார், எங்கள் சர்ச்சுக்கும் வரமாட்டார். நான் கேலி செய்தால், "தெய்வம் உண்டோ இல்லியோ, எனக்குத் தெரியாது. வரிசையில நிக்கிய ஆளு உண்டு, அது தெரியும்" என்பார். யாரையும் பாஸ்புக் நம்பர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அண்ணன் லீவில் இருந்த ஒரு காலை, சங்கத்துக்கு எதிர்வீட்டுச் சரசம்மா கொண்டுவந்த பாலில் மீட்டர் மிகவும் தாழ்ந்தது. என் வாய் உங்களுக்குத் தெரியும். "இப்பிடி தண்ணி சேத்தா பசுவுக்கே நாணக்கேடாக்கும்" என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "எனக்க பாலுல நான் தண்ணி தொட்டதில்ல பிள்ளே" என்று சொல்லிவிட்டு அவர் தூக்குப்பாத்திரத்தோடு திரும்பிப் போனார். பிறகு சில நாள் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவருக்குத் 'தண்ணிப்பால்' என்று பட்டப்பேரும் விழுந்துவிட்டது.

லீவு முடிந்து வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் சரசம்மா வீட்டிலிருந்து அப்போதுதான் கறந்த பாலை வாங்கி வந்தார். மீட்டர் தாழ்ந்தது. அதே பாலை ஆறவைத்து மீண்டும் மீட்டரைப் போட்டார். சரியான இடத்தில் நின்றது.

"மத்தவிய தூரத்துல இருந்து நடந்து வருதாவ, பாலு ஆறிரும். இவ ரோட்ட கடந்தா சங்கம். கறந்த சூடு ஆறல்ல, அவ்வளவுதான்."

சாயங்காலம் சரசம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"ஏசினது வரிசை முன்னால. மன்னிப்பு மட்டும் அடுக்களையிலயா? ஏசின இடத்துலயே கேளு மக்கா."

"அப்போ எனக்க மானம்?" என்று சீறினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் கடுங்கோபம்.

மறுநாள் சரசம்மா பாலோடு வந்தார். கோபம் தீராவிட்டாலும், அண்ணன் சொன்னது சரியென்று பட்டதால் நான் எழுந்து நின்று, தவறு என்னுடையது, அவர் பால் சுத்தமானது என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "தெரியாம பேசினதாக்கும். பாலப் பாரு பிள்ளே, நேரமாச்சு" என்று சரசம்மா பாத்திரத்தை நீட்டினார். அந்தப் பட்டப்பேரும் அன்றோடு ஒழிந்தது. எனக்கு வாய்த்த ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் சொல்லிவைத்திருந்தபடி சடங்கு ஒன்றுமில்லாமல் அவரை அடக்கம் செய்த அன்று, சரசம்மா என் பக்கத்தில் நின்று அழுதார்.

"நீ மன்னிப்பு கேக்கியதுக்கு முந்தின நாளு அண்ணன் சைக்கிள்ல வீட்டுக்கு வந்தாரு. 'லில்லி நாளைக்கு எல்லாரு முன்னாலயும் கேப்பா, அவளுக்கும் மானம் உண்டு, குத்திப் பேசாண்டாம்'ன்னு சொன்னாரு. எங்கிட்ட மட்டுமில்ல பிள்ளே. பால் ஊத்துத எல்லா வீட்டுக்கும் போயி, ஒருத்தரும் சிரிக்கப்பிடாது, உனக்குத் தெரியவும் பிடாதுன்னு சொல்லிட்டுத்தான் அண்ணன் உறங்கப் போனாரு."

நான்கு வருடமாக நீங்கள் ஒருவரும் இதை என்னிடம் சொல்லவில்லை. அண்ணன் கேட்டுக்கொண்டதால்தான் என்று இப்போது தெரிகிறது. தவறு செய்தவளைத் திருத்தும்போதும் அவள் தலை குனியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். அவரிடம் கோபித்துக்கொண்டதற்கு இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.