விடுதலை நெருங்கினால் ஓடுவேன்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கம் வேலி போட்டுப் பூட்டிய பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றில் இருந்தேன். அம்மா இறந்தபின் சித்தி வீட்டில் வளர்ந்தவள், அங்கிருந்து ஓடி ஈப்போ பஸ் நிலையத்தில் பிடிபட்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. இல்லத்திலிருந்தும் ஓடினேன். இனி ஓடக் கூடாதென்று என் செருப்பைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார்கள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு ஓடுவதற்குச் செருப்பு எதற்கு? அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

"இவளுக்குக் கால்ல சக்கரம் லா," என்பார் வார்டன். "வீட்டுக்கு அனுப்புற நேரம் பாத்து ஓடுறா. கொஞ்சம் பொறுத்தா நாமளே கதவத் தொறந்து விடப்போறோம். மூளை இருக்கா?"

ஒழுங்காக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவதுதான் அங்கே பரிசு. அந்தப் பேச்சை எடுத்தாலே வேலி ஏறுவேன், பிடிபடுவேன், விடுதலை தள்ளிப்போகும். அப்பாடா என்றிருக்கும். இது ஒருவருக்கும் புரியவில்லை.

பிறகு எங்களிடம் பேசுவதற்கென்றே ஓர் இளம் அதிகாரி வந்தார். அக்கா என்று கூப்பிடச் சொன்னார். முதல் நாள் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எதிரே ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் கதவு சாத்தியிருக்க, எப்படி உட்காருவது? ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். திட்டப்போகிறார் என்று நினைத்தால், எழுந்து கதவைத் திறந்தார்.

"எனக்கும் உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குது. வெளிய போலாமா? எங்கன்னு நீயே சொல்லு."

பின்பக்கம் மரவள்ளி போட்டிருந்தோம். ஆளுக்கொரு வரிசையில் களை பிடுங்கிக்கொண்டே நகர்ந்தோம். ரப்பர் தோட்டத்தில் பெண்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஆளுக்கொரு நிரையில் பால்மரம் சீவிக்கொண்டு, முகம் பார்க்காமல் மனதில் உள்ளதைச் சொல்லிக்கொண்டே போவார்கள். லயத்து வரிசை வீட்டில் வாய் திறக்காதவள்கூட அங்கே திறப்பாள்.

பல நாள் வெறும் கதைதான் பேசினோம். "ஏன் ஓடினே?" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒரு காலையில், "அடுத்த மாசம் உன்ன வீட்டுக்கு அனுப்பப் பேசுறாங்க. உனக்குத் தெரியாம எதுவும் நடக்கக் கூடாதுன்னு சொல்றேன். வீட்டுல யாரு இருப்பா?" என்றார்.

"சித்தி விடியுமுன்ன மரம் சீவப் போயிடும். அப்புறம் சித்தப்பா மட்டும்தான்."

இலைகளுக்கு அந்தப் பக்கம் அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்க்க அவர் வரவில்லை. அதனால்தான் மீதியையும் சொன்னேன். அவமானமாக இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

"உன் மேல தப்பே இல்ல," என்றார். "உன்ன அனுப்புறதப் பத்தி விசாரணை வைப்பாங்க. அதுல நான் சொல்லவா, நீ சொல்றியா?"

"தெரியலக்கா."

"அன்னைக்கே முடிவு பண்ணு. நான் பக்கத்துலதான் இருப்பேன்."

விசாரணையன்று சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரிகள் முன்னால் குரல் தழுதழுக்க, "வாம்மா, வீட்டுக்குப் போலாம்," என்றார். அவர்களுக்கு மனம் இளகியது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு எரிந்தது. நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"வரமாட்டேன்," என்றேன். "ஏன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையைக் குனிந்து, ஆரஞ்சுப் பழப் பையின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். அதைப் பார்த்த அதிகாரிகள் அவரைத் தனியாகத்தான் திருப்பி அனுப்பினார்கள்.