கணவாய் இறங்குமுன் ஒரு வேளை மருந்து

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. யாராவது தம்மைப் புகழ ஆரம்பித்தால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவது அவர் வழக்கம். இப்போது எழுந்து போக முடியாது என்கிற தைரியத்தில் மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

அப்பா பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனாரை இழந்து, மாட்டுவண்டி ஓட்டி, பின்பு தருமபுரிக்கு வந்து பஸ் கழுவும் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனார். சேலம் போகும் காலை முதல் பஸ் அவருடையது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், வண்டிக்குப் பின்னால் கரியடுப்புக் கட்டி, அதில் வரும் கேஸில் ஓட்டிய நாட்களிலும் அந்த முதல் நடையை அவர் யாருக்கும் விட்டதில்லை. வண்டி எவ்வளவு படுத்தினாலும் திட்டமாட்டார். திட்டெல்லாம் வீட்டில் எங்களுக்குத்தான்.

அந்த நாட்களில்தான் அவருக்கு வாதம் கண்டது. பகலெல்லாம் நன்றாயிருப்பார். விடியற்காலையில் விரல்கள் மடங்காது. தோளும் கழுத்தும் விறைத்துக்கொள்ளும். வேட்டியை அம்மாதான் கட்டிவிட வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு மிக்சர் கொடுத்து, வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பிட்டதும் குடிக்கச் சொன்னார். அப்பா வேளை தவறாமல் குடித்தார். ஆனாலும் விடியற்காலைப் பிடிப்பு மட்டும் அசையவில்லை.

காரணம் அப்பாவின் விரதம். தொப்பூர்க் கணவாயை இறங்கி, அடிவாரத்து முனியப்பனுக்குக் கற்பூரம் காட்டும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டார். கற்பூரம் காட்டி, பக்கத்துக் காப்பி கிளப்பில் இட்லி சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகே மருந்துப் புட்டியைத் திறப்பார். கை நன்றாயிருக்க வேண்டிய கணவாய் முடிந்த பிறகுதான் கைக்கு மருந்து. இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு மழைக்காலத்துக் காலையில், கணவாய் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப அப்பாவுக்குக் கை வரவில்லை. கண்டக்டர் பாய்ந்து பிடித்துத் திருப்பியதால் பஸ் ஓரக்கல்லில் உரசி நின்றது. யாருக்கும் காயமில்லை. அன்று அப்பா சோற்றைத் தொடவில்லை.

"காலை நடைக்கு வேற ஆளப் போடச் சொல்லிட்டேன். சனங்க புள்ளகுட்டியோட என்னெ நம்பித்தான ஏறுது" என்றார் அம்மாவிடம்.

முதலாளி மத்தியான நடையைக் கொடுத்தார். மாதக் கடைசிக்குள் கை சரியாகாவிட்டால் வேலையே இல்லை என்றும் சொல்லிவிட்டார். அம்மா அப்பாவை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போனார். மருந்தை எப்போது குடிக்கிறார் என்று கேட்டதும் டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அடுப்புப் பத்தவெச்ச ஒடனே உங்க பஸ் கெளம்புதா? கேஸ் வர நேரம் ஆகுதில்ல? மருந்தும் அப்படித்தான். கோழி கூப்புடறப்பவே கஞ்சி குடிச்சிட்டு இதைக் குடிங்க. ஸ்டாண்டுக்குப் போறதுக்குள்ள கை எளகிடும்."

"அது ஆகாதுங்க. முனியப்பனக் கும்புடாம வாயில ஒண்ணும் வெக்கமாட்டேன்" என்றார் அப்பா.

இதற்கு டாக்டரிடம் மருந்து இல்லை. அம்மாவிடம் இருந்தது. மறுநாள் மத்தியானம், அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் அவர் பஸ்ஸிலேயே ஏறிப் போய்க் கோயிலில் இறங்கினார். சாமியின் காலடியிலிருந்து ஒரு கைப்பிடி, பிடிமண் வேண்டும் என்று பூசாரியைக் கேட்டார். பூசாரி சாமியிடம் பூ கேட்டார். வலப்பக்கப் பூ விழுந்தது. உத்தரவாகிவிட்டது. பஸ் திரும்பி வரும்போது அம்மா முந்தானையில் மண்முடிச்சோடு ஏறினார்.

"மடியில இன்னா?" என்றார் அப்பா.

"உங்க முனியப்பன்தாங்க. வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். இனிமே நீங்க கும்புடறதுக்கு மல எறங்க வேணாம்."

"அப்ப அவருக்கும் சேத்து டிக்கெட் போடணுங்களாக்கா?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அன்று கணவாயை வழக்கத்தைவிட மெதுவாக ஏறினார் என்று அம்மா சொல்வார். சாமி வருகிற வண்டியல்லவா.

புழக்கடையில் புங்கமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, அந்த மண்ணை வைத்தோம். அதன் பிறகு முதல் கோழி கூவியதும் அப்பா கைகால் கழுவி வருவார். தீக்குச்சி கிழிக்க விரல் மடங்காது என்பதால் அம்மா கற்பூரம் ஏற்றுவார். கும்பிட்டு, கேழ்வரகுக் கஞ்சி குடித்து, மருந்தையும் குடித்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சிறிது படுப்பார். எழும்போது வேட்டியைத் தாமே கட்டிக்கொள்வார். நோய் போகவில்லை, மருந்தின் நேரம்தான் மாறியது. மாதக் கடைசிக்கு முன்பே முதல் நடை அவரிடம் திரும்பி வந்தது. நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் அவர் படுக்கும்வரை அது அவரிடமே இருந்தது. சில நாட்கள்தான் படுத்திருந்தார். அதிகம் சிரமப்படாமல் போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் ஐயாவுக்கும், அன்று கைகொடுத்த கண்டக்டர் மாமாவுக்கும், பூசாரிக்கும், வேலையைத் திரும்பக் கொடுத்த முதலாளிக்கும் எங்கள் வணக்கம். அம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆகவே சொல்லவில்லை.

காரியத்தன்று முன்பின் தெரியாத ஓர் அம்மாள் காய்கறிக் கூடையோடு வந்து, அப்பாவின் படத்தின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு என்னிடம், "டிரைவரு பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். "எத்தினியோ வருசமா அவரு வண்டியிலதான் சந்தைக்குப் போறேன். கணவா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. ஏறி உக்காந்தா தூங்கிடுவேன்."

அப்பாவின் பஸ்ஸில் ஏறிக் கணவாய் தெரியாமல் தூங்கிய எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.